மைக்கின் முதுகு

அத்தியாயம் 9

'இன்னைக்கு ஆறு மணிக்குக் கிளம்புறேன். இனிமே இந்த நம்பர் இருக்காது. தேடாதே.'

ஊசி அதை இரண்டு முறை படித்துவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்ட கை முழங்கை வரை வெந்து தழும்பேறியிருந்தது. பத்து வருடமாக நீராவி இஸ்திரி மெஷின் முன்னால் நிற்கிற கை.

"எப்ப வந்தது?"

"காலையில பத்தரைக்கு மேடம்."

"உங்க தங்கச்சி இப்படித்தான் எழுதுவாளா?"

"அவ எங்க எழுதுவா? பேசித்தான் அனுப்புவா. சோப்பு வாங்கிட்டு வான்னு சொல்லக்கூட மூணு நிமிஷம் பேசுவா. அதனாலதானே வாயாடின்னு கூப்பிடுறோம்." அக்கா சிரிக்கப் போனாள். பாதியிலேயே முகம் கோணிக்கொண்டது.

மணி ஒன்று. வாயாடி காணாமல் போய் இது மூன்றாவது நாள். போலீஸ் ஸ்டேஷனில் இரண்டாவது நாளே ஃபைலை மூடிவிட்டார்கள். இருபத்துமூன்று வயதுப் பெண், சொந்தக் குரலிலேயே 'நல்லா இருக்கேன்' என்று பேசி அனுப்பியிருக்கிறாள், அப்புறம் எதற்கு ஜீப்பும் டீசலும்? அதிகாரி வீட்டு நாய்க்குட்டி தொலைந்திருந்தால் தெருத்தெருவாக விசில் ஊதியிருப்பார்கள். தொலைந்தது லாண்டரியில் துணி தேய்க்கிறவளின் தங்கை.

ஊசி முன்பு ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தாள். செத்தவர் நிஜமாகவே செத்தாரா, எரிந்த கடை தானாகவே எரிந்ததா என்று போய்க் குத்திக் குத்திக் கேட்பது வேலை. அங்கே ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஒரு விதவையின் நியாயமான கோரிக்கையைப் பொய் என்று எழுதச் சொன்னபோது ஃபைலை மேனேஜர் மேஜையில் வீசிவிட்டு வெளியே வந்தவள், பெயரை மட்டும் கூடவே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது டயர் கடைக்கு மேலே ஒரு அறை, துப்பறியும் நிறுவனம் என்று ஒரு பலகை, உதவிக்கு ஐம்பத்திரண்டு வயது மீட்டர். மீட்டர் இருபத்தாறு வருடம் டாக்சி ஓட்டியவர். மீட்டர் போடாமல் ஒரு சவாரியும் போனதில்லை என்று சத்தியம் செய்வார். யாரும் அவரைக் கேட்டதில்லை.

"நேத்து வந்த அந்தக் குரல் மெசேஜைப் போடுங்க," என்றாள் ஊசி.

அக்கா ஃபோனை நீட்டினாள். இரைச்சல். அதற்குள்ளே எங்கோ தூரத்தில் ஒரு பெண் குரல்.

'அக்கா, நான் நல்லா இருக்கேன். எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வந்துட்டேன். யாரும் கட்டாயப்படுத்தல. என்னைத் தேடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.'

"கிணத்துக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருக்கே," என்றார் மீட்டர்.

"அதைத்தான் அண்ணே நானும் ஸ்டேஷன்ல சொன்னேன். குரல் அவளுதுதான். ஆனா இப்படி ஒரு ரெக்கார்டிங் அவ பண்ணவே மாட்டா. அவ கதை படிச்சு அனுப்புற பொண்ணு. புஸ்தகத்தைக் குரல்ல படிச்சுக் கொடுக்கிற வேலை. அவ பேச ஆரம்பிச்சா ஃபேன் ஓடக் கூடாது, நான் இருமக் கூடாது, வளையலைக் கழட்டி வெச்சுட்டுத்தான் வீட்டுக்குள்ளயே நடக்கணும். அப்படிப்பட்டவ எனக்குக் கடைசியா சொல்ற வார்த்தையை இந்த லட்சணத்துலயா அனுப்புவா?"

"அதுக்கு போலீஸ் என்ன சொன்னாங்க?"

"ஓடிப்போற அவசரத்துல குவாலிட்டி பார்ப்பாங்களான்னு கேட்டுச் சிரிச்சாங்க."

ஊசி சிரிக்கவில்லை. "வீட்டைக் காட்டுங்க."

லாண்டரிக் கம்பெனி தன் ஆட்களுக்குக் கட்டிவிட்ட வரிசை வீடுகள் அவை. ஒன்றை ஒன்று முதுகால் தாங்கிக்கொண்டு நிற்கும் ஒற்றை அறைகள். எதிர்வரிசையில் ஒரு கதவில் பூட்டு தொங்கியது.

"அது யார் வீடு?"

"போன மாசம் எட்டாம் நம்பர் மெஷின்ல நீராவி வெடிச்சு ஒரு பொண்ணு போயிட்டா மேடம். அவதான் வால்வைத் தப்பாத் திருகிட்டான்னு ரிப்போர்ட் வந்தது. அவ வீட்டுக்காரரையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

வாயாடியின் ஸ்டுடியோ ஒரு சுவர் அலமாரி. கதவையும் தட்டுகளையும் கழற்றிவிட்டு, உள்ளே மூன்று பக்கமும் போர்வைகளை ஆணியடித்து மாட்டியிருந்தாள். எல்லாமே ஆஸ்பத்திரி முத்திரை குத்திய, ஓட்டை விழுந்து கழித்துக் கட்டிய போர்வைகள். ஒரு ஸ்டூல், பலகை மேஜை, மைக் வந்த காலிப் பெட்டி.

"மைக்கும் லேப்டாப்பும்?"

"ரெண்டையும் காணோம். எடுத்துக்கிட்டுத்தான் போயிருக்கா, அதனால அவளாத்தான் போயிருக்கான்னு..."

"போலீஸ் சொன்னாங்க. தெரியுது."

"ஒருத்தர் நிற்கவே இடமில்ல," மீட்டர் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். "என் டாக்சி டிக்கியே இதைவிடப் பெரிசு. அதையும் ஸ்டுடியோன்னு வாடகைக்கு விட்டிருக்கலாம்."

ஸ்டூலுக்கடியில் ஒரு நோட்டு இருந்தது. கல்லூரியில் மிச்சமான நோட்டு. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் வாயாடி. பட்டத்தைக் கையில் கொடுத்து மேடையிலிருந்து இறக்கிவிட்டவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்லித் தரவில்லை. அதனால் அவளே ஆராய்ச்சி செய்திருந்தாள், ஆறு மாதம், பக்கம் பக்கமாக, ஒரு மைக் வாங்குவதற்கு.

ஊசி சத்தமாகப் படித்தாள்.

'டைனமிக் மைக்: சத்தமான வீட்டுக்கு இதுதான் நல்லது என்கிறார்கள். ஆனால் வாயை ஒட்டிப் பேச வேண்டும். என் குரல் தடித்துப் போகிறது. கண்டென்சர் மைக்: மூச்சும் கேட்கும், எச்சில் விழுங்குவதும் கேட்கும். கதையில் ஒருத்தி அழுகையை அடக்கினால் அதுவும் கேட்கும். கூடவே தெருவே கேட்கும். அக்கா கொண்டுவந்த போர்வை பன்னிரண்டு இருக்கிறது. எனவே கண்டென்சர்.'

'தனியாக மின்சாரம் கொடுக்கும் பெட்டி தேவைப்படுகிற மைக் வேண்டாம், பெட்டி மைக்கைவிட விலை. யு.எஸ்.பி. போதும். தங்க முலாம், ஸ்டாண்டோடு நுரைக் குல்லா இலவசம், இதெல்லாம் ஏமாற்று வேலை. காதை மட்டும் நம்பு.'

"இந்தப் பொண்ணை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றார் மீட்டர்.

"உயிரோட இருந்தா நேர்ல சொல்லுங்க," என்ற ஊசி உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

கடைசிப் பக்கம். காணாமல் போனதற்கு முந்தைய நாள் எழுதியது. 'வந்துவிட்டது! மைக் பிரமாதம். ஆனால் சுவர் வழியாகச் சத்தம் வருகிறது. நாளை நேரில் போய்ப் பேச வேண்டும்.'

"கடைக்காரன்!" மீட்டர் துள்ளினார். "மைக் சரியில்லைன்னு சண்டை போடப் போயிருக்கா."

பெட்டியின் அடியில் கடையின் ஸ்டிக்கர் இருந்தது. ஊசி அந்த நம்பருக்கு அடித்தாள். ஒரு ஆண் குரல் முழுக் கேள்வியையும் கேட்காமலே, "அப்படி யாரும் இங்க வந்ததில்லைங்க" என்று வைத்துவிட்டது.

வந்ததே இல்லையாம். ஆனால் பெட்டி வந்திருக்கிறது. ஊசி நோட்டை மூடினாள். "வண்டியை எடுங்க அண்ணே. அக்கா, நீங்களும் வாங்க. சொல்லிட்டுப் போறதுக்கு யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல. சூப்பர்வைசர் சார் லீவு கொடுத்துட்டார். ஸ்டேஷனுக்குக்கூட அவர்தான் கூட வந்தார். அவர் மட்டும் இல்லேன்னா நான் என்னைக்கோ விழுந்திருப்பேன்."

மீட்டரின் டாக்சி இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது.

கடை ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில் இருந்தது. பழைய ஸ்பீக்கர்களும் பிரித்துப் போட்ட கிதார்களும் நடுவில், கழுத்தில் ஹெட்ஃபோன் மாட்டிய ஒல்லி மனிதர் ஒருவர் மூவரையும் பார்த்தவுடன் ஷட்டரை இழுத்தார். மீட்டரின் செருப்பு ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது.

"இழுங்க சார், இழுங்க. கால் ஆணியை எடுக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருக்கேன்."

"நான் எதுவும் பண்ணலைங்க!"

"பண்ணினீங்கன்னு நான் சொல்லவே இல்லையே," என்றாள் ஊசி. "பெட்டியில உங்க ஸ்டிக்கர். வந்ததே இல்லைன்னு ஏன் சொன்னீங்க?"

அவர் ஷட்டரை விட்டுவிட்டார். தோள் இறங்கியது. "நேத்து போலீஸ்ல இருந்து ஃபோன் வந்தது. என் கடையில பாதிச் சரக்குக்குப் பில் கிடையாது மேடம். பயத்துல தெரியாதுன்னு சொல்லிட்டேன். ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் அதையே சொல்லிக்கிட்டு இருக்க வேண்டியதுதானே."

"அவ இங்க வந்து உங்களோட சண்டை போட்டாளா?"

"மைக் வாங்கினதுக்கு அப்புறம் வரவே இல்ல. என் பிள்ளைங்க மேல சத்தியம். வேணும்னா அந்தக் கேமராவைப் பாருங்க. அது மட்டும் இங்க ஒழுங்கா வேலை செய்யும்."

பார்த்தார்கள். மூன்று நாள் பதிவை ஓடவிட்டுப் பார்த்தார்கள். வாயாடி வரவில்லை.

நான்கு மணி ஆகிவிட்டது. இருந்த ஒரே நூலும் அறுந்துவிட்டது. அக்கா ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள். "என்கிட்ட சொல்லிடுங்க மேடம். இனிமே கிடைக்க மாட்டாள்னா இப்பவே சொல்லிடுங்க. ஆறு மணி வரைக்கும் இப்படி உக்காந்திருக்க என்னால முடியாது."

 ஊசி காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தபோது எல்லாக் கேள்விக்கும் ஒரு படிவம் இருந்தது. இங்கே படிவம் இல்லை.

வேறு எதுவும் தோன்றாமல் கடைக்காரரிடம் கேட்டாள். "அவ எப்படி இந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தா?"

அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. "பதினோரு தடவை வந்தா மேடம். கடைசித் தடவை கண்ணைத் துப்பட்டாவால கட்டிக்கிட்டா. நாலு மைக்கை மாத்தி மாத்தி நான் வைக்கணும், எது எதுன்னு சொல்லக் கூடாது. நாலுலயும் ஒரே வரியைப் படிச்சா. அப்புறம் கேட்டுப் பார்த்து, 'ரெண்டாவது'ன்னா. அது நாலுல மூணாவது விலை. இருக்கிறதுலயே விலை கூடினதை வேண்டாம்னுட்டா. 'இதுல என் ஸ-வெல்லாம் விசில் அடிக்குது, இவ்வளவு விலைக்கு விசிலா வாங்குவாங்க'ன்னு கேட்டா. இருபது வருஷம் கடை நடத்துறேன், காதால மைக் வாங்கின ஆள் அவ ஒருத்திதான். மத்தவங்கெல்லாம் கண்ணாலதான் வாங்குவாங்க."

"இதைக் கேளுங்க." ஊசி அக்காவின் ஃபோனை வாங்கிக் கொடுத்தாள்.

அவர் அதை ஒரு பெரிய ஸ்பீக்கரில் இணைத்தார். முதல் வரியிலேயே உதட்டைப் பிதுக்கினார். "ஃபோன்ல எடுத்ததில்ல. இது மைக்தான். ஆனா என்ன இது, அந்தப் பொண்ணா இப்படி..." மறுபடி ஓடவிட்டார். முகம் மாறியது. பேசாமல் எழுந்து, அலமாரியிலிருந்து அதே மாதிரி மைக் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்து, ஹெட்ஃபோனை மீட்டர் தலையில் மாட்டினார்.

"பேசுறேன், கேளுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு."

"காதுக்குள்ளயே வந்து உக்காந்துட்டீங்க," என்றார் மீட்டர்.

கடைக்காரர் நகரவில்லை. மைக்கை மட்டும் அரை வட்டம் திருப்பினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு."

"அட, எங்க போனீங்க? இப்ப வெளியில லிஃப்ட் ஓடுறது கேக்குது."

"அதான். இந்த வகைக்கு ஒரு பக்கம்தான் காது. இன்னொரு பக்கம் முதுகு. பார்த்தா ரெண்டு பக்கமும் ஒரே சல்லடை, வித்தியாசம் தெரியாது. அந்தப் பொண்ணு மைக்கோட முதுகைப் பார்த்துப் பேசியிருக்கா. மைக்கோட காது ரூமைப் பார்த்து இருக்கு."

"தெரியாம வெச்சிருப்பாளோ?"

"அவளா?" அவர் கிட்டத்தட்டக் கோபித்துக்கொண்டார். "நான் இதை இங்க ஷெல்ஃபுல திருப்பி வெச்சிருந்தேன். 'அண்ணே, உங்க மைக் கோவிச்சுக்கிட்டுச் சுவரைப் பார்த்து நிற்குது'ன்னு சொல்லி முதல் நாளே என்னைப் பார்த்துச் சிரிச்சவ அவ."



"அப்ப வேணும்னே திருப்பியிருக்கா," ஊசி மெதுவாகச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் வேகமெடுத்தது. "பக்கத்துல ஒருத்தன் நிற்கிறான். என்ன பேசணும்னு அவன்தான் சொல்றான். வார்த்தையில ஏதாவது வெச்சா அவன் கண்டுபிடிச்சுடுவான். ஆனா மைக்குக்கு முதுகு இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. அவன் எதிர்லயே மைக்கைத் திருப்பி வெச்சுட்டு, அவன் சொன்னதையே சொல்லியிருக்கா."

"ஃபோன்லயே பேச வெச்சிருக்கலாமே?" என்றார் மீட்டர்.

கடைக்காரர் திரையில் அலையலையாய் ஓடிய கோட்டைக் காட்டினார். "இங்க, இங்க, இங்க. மூணு இடத்துல வெட்டி ஒட்டியிருக்கு. அழுதிருப்பா. ஃபோன்ல பேசினா அழுகை தெரிஞ்சுடும், இதுலன்னா வெட்டிடலாம்னு சொல்லி அவனை நம்ப வெச்சிருப்பா."

"அப்ப நாம கேக்க வேண்டியது அவ பேச்சை இல்ல," என்றாள் ஊசி. "அவ பேச்சைக் குறைங்க. பின்னால இருக்கிறதைக் கூட்டுங்க."

அவர் ஏதோ திருகினார். வாயாடியின் குரல் தேய்ந்தது. இரைச்சல் எழுந்து நின்றது. கனமான உறுமல். நடுநடுவே பாம்பு சீறுவது போல் ஒரு சீற்றம். பிறகு மூன்று சிறிய பீப் சத்தம்.

"ரயில்வே யார்டா?" என்றார் மீட்டர். "இல்ல, அரிசி மில்?"

மறுபடி ஓடியது. உறுமல், சீற்றம், மூன்று பீப். ஊசி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் பார்வை தற்செயலாகத் தரையில் விழுந்தது.

"இன்னொரு தடவை போடுங்க."

உறுமல். சீற்றம். மூன்று பீப். ஸ்பீக்கர் பெட்டிமேல் குனிந்து உட்கார்ந்திருந்த அக்காவின் வலது கால் தானாக எழும்பி, தரையை ஒரு அழுத்து அழுத்தியது.

"அக்கா. உங்க கால் என்ன பண்ணுது?"

"என்ன பண்ணுது?"

"அந்த பீப் வரும்போதெல்லாம் மிதிக்குது."

அக்கா தன் காலையே அந்நியர் காலைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அது... மெஷின் மூணு தடவை கத்தினா பெடலை மிதிக்கணும். மிதிச்சாத்தான் மேல்தட்டு தூக்கும்..." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். "இது எங்க லாண்டரி."

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க."

"பத்து வருஷமா கேக்குறேன் மேடம். தினம் கேக்குறதால காதுலயே விழல. என் காலுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல."

கடைக்காரர் கை தவறியோ வேண்டுமென்றோ இன்னும் ஒரு சுற்றுத் திருகினார். உறுமலுக்கு அடியிலிருந்து, மெல்லிசாக, ஒரு பெண்ணின் கத்தல் வந்தது. 'ட்ராலி வருது! ஒதுங்கு, ஒதுங்கு!'

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்து வந்தது வார்த்தையா கேவலா என்று தெரியவில்லை.

"அது நான்."

"என்ன?"

"அது என் குரல் மேடம். நேத்து நான் வேலைக்குப் போனேன். வீட்ல உக்காந்தா மனசு கெட்டுடும், வந்து நில்லும்மான்னு சூப்பர்வைசர் சார் சொன்னார். அவ மேல உக்காந்து எனக்குப் பேசியிருக்கா. நான் கீழ நின்னு ட்ராலி தள்ளியிருக்கேன். அவ சத்தம் எனக்குக் கேக்கல. என் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கு."

"மேலன்னா?"

"மூணாவது மாடி. கழிச்ச துணி போடுற ரூம். அங்க இருந்து துணி தள்ளிவிடுற குழாய் நேரா எங்க ஹாலுக்கு இறங்குது. சாவி ஒருத்தர்கிட்டதான் இருக்கு..."

யாரிடம் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. லீவு கொடுத்தவர். ஸ்டேஷனுக்குக் கூட வந்தவர்.

"உங்க வீட்டு அலமாரிக்கு அந்தப் பக்கம் யார் வீடு?" ஊசி கேட்டாள்.

"அவர் வீடுதான்."

ஊசி தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டாள். சுவர் வழியாகச் சத்தம் வருகிறது. மிக்ஸி என்று நினைத்தாள், டி.வி. என்று நினைத்தாள், கடைக்காரரிடம் சண்டை என்று நினைத்தாள். படித்த முட்டாள்! வாயாடி புது மைக்கைச் சோதித்துப் பார்க்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதன் ஃபோனில் பேசியதை மைக் கேட்டிருக்கிறது. அவள் நேரில் போய்ப் பேசியது அவனிடம். உண்மையைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் எதிராளி வெட்கப்படுவான் என்று கல்லூரியில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

"ஆறு மணிக்கு அங்க என்ன நடக்கும்?" என்றாள்.

"ஆஸ்பத்திரி லோடு ஏத்துற லாரி கிளம்பும்."

மூவரும் படியேறி ஓடினார்கள்.

வழியில் ஊசி போலீஸ் ஸ்டேஷனுக்கு ஃபோன் செய்தாள். மைக், முதுகு, பெடல் என்று ஆரம்பித்தவளிடம் எதிர்முனை, "குரல் அந்தப் பொண்ணோடதுதானேம்மா?" என்றது. ஆமாம் என்றாள். "அப்புறம் என்ன?" என்று கேட்டு வைத்துவிட்டது.

"மேடம், கெட்ட வார்த்தை தெரியுமா உங்களுக்கு?" என்றார் மீட்டர். "தெரியலேன்னா சொல்லுங்க, டாக்சி ஸ்டாண்டுல நாலு மொழியில படிச்சிருக்கேன்."

"ஓட்டுங்க."

ஒரு சிக்னல், இன்னொரு சிக்னல், ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு கான்கிரீட் லாரி. மணி ஐந்து பதினைந்து. ஐந்து முப்பது. லாண்டரி வாசலை அடைந்தபோது ஐந்து நாற்பது.

மீட்டர் டாக்சியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பானெட்டைத் திறந்துவிட்டார். "வண்டி மக்கர்!" என்று வாட்ச்மேனிடம் அழாத குறையாகச் சொன்னார். "இருபத்தாறு வருஷத்துல முதல் தடவை!"

அக்கா அட்டையைக் காட்டி உள்ளே போனாள். ஊசி அவள் கொடுத்த ஏப்ரனைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். மூன்று மாடி. கதவு திறந்து கிடந்தது.

உள்ளே மலை மலையாகக் கிழிந்த துணி. ஒரு ஸ்டூல், தண்ணீர் பாட்டில், மேஜைமேல் மைக். அதன் காது துணி தள்ளும் குழாயைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

வாயாடி இல்லை.

அக்கா மைக்கைத் தொட்டாள். அப்புறம் ஸ்டூலைத் தொட்டாள். "இன்னும் சூடா இருக்கு மேடம்," என்றாள். உண்மையிலேயே சூடா, அவள் ஆசையா என்று ஊசி கேட்கவில்லை.

கீழே லோடு ஏற்றும் மேடை. இடுப்புயரத் துணி வண்டிகள், முப்பதுக்கும் மேலே, மூடி போட்டு, பிளாஸ்டிக் சீல் வைத்து வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் மடங்கிப் படுக்கலாம். ஏழெட்டு வண்டிகள் லாரிக்குள் ஏற்கெனவே போயாயிற்று. சூப்பர்வைசர் கையில் அட்டையோடு நின்று டிக் அடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இங்க? லீவு கொடுத்தேனே." குரலில் அதே பரிவு. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"எந்த வண்டியில?" அக்காவும் கத்தினாள்.

"என்ன எந்த வண்டியில? கிருமி நீக்கின துணிம்மா. சீல் உடைஞ்சா உன் வேலை போயிடும். யார் இந்த அம்மா?" அவர் ஏற்றுகிறவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். "ஏத்து, ஏத்து! வாசல்ல நிற்கிற அந்தக் காரைத் தள்ளிவிடுங்க!"

ஊசி முதல் வண்டியின் சீலை இழுத்தாள். வரவில்லை. காதை வைத்தாள். கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? ஹாலில் அறுபது மெஷின் ஓடுகிறது. உள்ளே ஒருத்தி நெஞ்சு வெடிக்கக் கத்தினாலும் அந்த உறுமல் அதை விழுங்கிவிடும். மூன்று நாளாக விழுங்கிக்கொண்டுதானே இருக்கிறது. இரண்டு ஆட்கள் அவள் தோளைப் பிடித்தார்கள்.

திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம்.

அக்கா ஹாலின் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். தூணில் ஒரு சிவப்புப் பித்தான். அதைத் தொட்டால் மொத்த ஆலையும் நிற்கும். காரணமில்லாமல் தொட்டவளுக்கு அன்றோடு வேலை போகும், வீடு போகும். பத்து வருடத்தில் அவள் அதைத் துடைத்திருக்கிறாள், அழுத்தியதில்லை.

இரண்டு உள்ளங்கையாலும் அறைந்தாள்.

உறுமல் ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது. கடைசி உருளை சுற்றி நின்றது. அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டிராத ஒரு அமைதி. மெஷின்களுக்கு முன்னால் நின்ற நாற்பது பெண்களும் கையில் பிடித்த துணியோடு அப்படியே திரும்பினார்கள்.

"யாரைக் கேட்டு நிறுத்தினே?" சூப்பர்வைசரின் கத்தல், கத்தத் தேவையில்லாத இடத்தில் அசிங்கமாக ஒலித்தது. "போடு! யாராவது போய்ப் போடுங்கடீ!"

யாரும் அசையவில்லை.

டொக்.

எல்லோருக்கும் கேட்டது. லாரிக்குள்ளிருந்து. டொக். டொக். முழங்காலாலோ தலையாலோ இடிக்கிற சத்தம். ஊசியைப் பிடித்திருந்த கைகள் தாமாகவே விட்டுவிட்டன. ஒரு பெண் தன் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வந்து மேடை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினாள். அவள் பின்னால் இன்னொருத்தி. மூன்றாவது ட்ராலி நின்றபோது சூப்பர்வைசர் போக வழியில்லை.

வாசலிலிருந்து ஓடிவந்த மீட்டர் லாரிக்குள் ஏறி, நான்காவது வண்டியின் மூடியை ஜாக்கிக் கம்பியால் நெம்பித் திறந்தார். வெள்ளைத் துணிகளுக்கு நடுவே மடங்கிக் கிடந்தாள் வாயாடி. கை கட்டியிருந்தது. வாயில் பிளாஸ்திரி. கண் திறந்திருந்தது.

அக்கா பிளாஸ்திரியைப் பிய்த்தாள். வாயாடி வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மூன்று நாள் குழாய்க்குள் கத்திக் கத்தித் தொண்டையில் ஒன்றும் மிச்சமில்லை.

"என்னடி? என்ன சொல்றே?" அக்கா வண்டிக்குள் பாதி உடம்பை விட்டுக் குனிந்து, தங்கையின் உதட்டில் காதை ஒட்டினாள்.

வெறும் காற்று மாதிரி ஏதோ வந்தது. அக்கா கேட்டாள். முழுக்கக் கேட்டாள். நிமிர்ந்தாள். ட்ராலிகளைப் பிடித்துக்கொண்டு நின்ற நாற்பது பேரையும் பார்த்தாள்.

"வால்வு கெட்டுப்போச்சுன்னு எட்டாம் நம்பர்க்காரி ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தாளாம்!" அவள் குரல் ஹாலின் கடைசிச் சுவர் வரை போய் இடித்தது. "ரெண்டையும் இந்த ஆள்தான் கிழிச்சுப் போட்டானாம்!"

மறுபடி குனிந்தாள். "சொல்லு," என்றாள். "மெதுவாச் சொல்லு. நான் கத்துறேன்."